நான்கு பாய் அறையும் ஆறு பாய் அறையும்: ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

இது ஒரு வீட்டுத் தகராறு. யாரும் பொய் சொல்லவில்லை, யாரும் யாரையும் ஏமாற்ற நினைக்கவுமில்லை. ஆனாலும் அண்ணனும் தம்பியும் முகம் கொடுத்துப் பேசாமல் சில நாள் இருந்தார்கள். காரணம் நான் எடுத்த இரண்டு படங்கள். படம் எடுப்பவர்களுக்கும், படத்தைப் பார்த்து வீடோ அறையோ முடிவு செய்பவர்களுக்கும் உதவும் என்பதால் நடந்ததை வரிசையாக எழுதிவைக்கிறேன். சம்பந்தப்பட்டவர்கள் எழுத அனுமதித்தார்கள். பெயரும் ஊரும் வேண்டாம் என்றார்கள்.

காரைக்குடிக்குப் பக்கத்தில் ஒரு நகரத்தார் ஊர். அங்கே முன்தெருவில் தொடங்கிப் பின்தெருவில் முடியும் ஒரு பழைய வீடு: முகப்பு, பட்டாலை (முன்கூடம்), வளவு (உள்முற்றம்), இரண்டாங்கட்டு (அடுத்த முற்றமும் அறைகளும்), அடுப்படி என்று வழக்கமான அமைப்பு. முகப்பில் நின்றால் வாசலுக்குள் வாசலாகப் பின்கட்டுக் கதவு வரை ஒரே கோட்டில் தெரியும். வீட்டில் உரிமை உள்ள புள்ளிகள் (தனிக் குடும்பங்கள்) நான்கு. அறைகள் எல்லாம் பாட்டனார் காலத்திலேயே ஒதுக்கப்பட்டுவிட்டன. இரண்டாங்கட்டில் இரண்டு அறைகள் மட்டும் பொதுவில் சாமான் போடும் இடமாகக் கிடந்தன. ஓடு மாற்றி ஒழுக்கை அடைக்கும் செலவை ஏற்பதாக அண்ணன் தம்பி இருவர் முன்வந்தார்கள். செலவு செய்பவர்களே ஆளுக்கு ஓர் அறையை எடுத்துக்கொள்ளட்டும் என்று மற்றப் பங்காளிகளும் சம்மதித்தார்கள்.

அண்ணன் காரைக்குடியில் இருக்கிறார். தம்பி குடும்பம் சிங்கப்பூரில். வீட்டில் நிரந்தரமாக இருப்பவர் ஆச்சி ஒருவர்தான். இருவருக்கும் பெரியம்மா முறை, எழுபது வயதைத் தாண்டியவர். நான் காரைக்குடியில் ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். பெரும்பாலும் கல்யாண வேலை. அவ்வப்போது கானாடுகாத்தான், பள்ளத்தூர் பக்கம் விடுதிகளாக மாறிய வீடுகளைப் படம் எடுத்துத் தருகிறேன். இந்த இரண்டாவது வேலையின் பழக்கம்தான் இங்கே வினையாயிற்று.

படம் எடுத்த நாள்

அண்ணன் கேட்டது எளிமையானது. தம்பிக்கு அனுப்ப இரண்டு அறைகளுக்கும் ஒவ்வொரு படம். அளவு எதுவும் கேட்கவில்லை, நானும் எடுக்கவில்லை.

கிழக்கறை காலியாக இருந்தது. சுண்ணாம்பு புதிதாக அடித்திருந்தார்கள். தரையில் சில ஆண்டுகளுக்கு முன் மாற்றிப் போட்ட ஆத்தங்குடிக் கல். எதிர்ச்சுவரில் ஒரு பெல்ஜியம் கண்ணாடி மாட்டியிருந்தது. அதில் நானும் ட்ரைபாடும் தெரிந்தோம் என்பதால் கழற்றி வெளியே வைக்கச் சொன்னேன். எந்தப் படக்காரனும் செய்வதுதான். ஜன்னலைத் திறந்துவிட்டு, வாசற்படியில் ட்ரைபாடை நிறுத்தி, கேமராவை மூன்றடி உயரத்தில் வைத்து, ஃபுல் ஃபிரேம் கேமராவில் 14 எம்.எம். லென்ஸ் மாட்டி எடுத்தேன் (எம்.எம். எண் குறையக் குறைய லென்ஸ் அதிகக் காட்சியை அடக்கும்). விடுதிக்காரர்கள் எல்லோரும் கேட்பது இந்தப் படத்தைத்தான். நான்கு மூலையும் தெரியும், அறை விசாலமாக இருக்கும்.

மேற்கறையில் அதே லென்ஸ் ஒத்துவரவில்லை. அங்கே கொசுவலைக் கம்பங்களோடு ஈட்டிமரக் கட்டில் ஒன்று கிடந்தது. அதை நகர்த்த நான்கு ஆள் வேண்டும். 14 எம்.எம்.மில் பார்த்தபோது படத்தின் ஓரத்தில் விழுந்த கட்டில்கால் சாய்ந்து, யானைக்கால் போலப் பருத்துத் தெரிந்தது. இப்படி அனுப்பினால் கட்டிலே கோணல் என்பார்கள் என்று 35 எம்.எம். லென்ஸை மாட்டினேன். அதே வாசற்படி, அதே மூன்றடி உயரம். கட்டில் கட்டிலாகத் தெரிந்தது. நேர்மையான படம் எடுத்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன் என்பதை இங்கே சொல்லியாக வேண்டும்.

அன்று மாலையே இரண்டு படங்களும் வாட்ஸ்அப்பில் போயின.

தேர்வு

முதலில் தேர்ந்தெடுக்கும் உரிமை யாருக்கு என்று பிள்ளையார் கோயிலில் திருவுளச்சீட்டுப் போட்டார்கள். தம்பிக்கு விழுந்தது. அவர் படங்களைப் பார்த்துக் கிழக்கறை என்றார். யோசிக்கவே இல்லை என்று பிறகு என்னிடம் சொன்னார். படத்தில் ஒன்று கூடம் போலவும் மற்றொன்று கட்டில் போட்ட சிறு அறை போலவும் இருந்ததாம்.

ஆச்சி அன்றைக்கே தொலைபேசியில் சொல்லியிருக்கிறார்: "கிழக்கறை நான்கு பாய் அறை அப்பா. மேற்கறைதான் ஆறு பாய் அறை. பார்த்து எடுத்துக்கொள்." வீட்டில் கல்யாணம் என்றால் உறவுக்காரர்கள் படுக்க எந்த அறையில் எத்தனை பாய் விரிக்கலாம் என்பதுதான் ஐம்பது ஆண்டாக அவருக்குத் தெரிந்த அளவு. தம்பி சிரித்துவிட்டு, "படத்தில் பார்த்துவிட்டேன் பெரியம்மா" என்றிருக்கிறார். எதிரில் படம் இருக்கும்போது வாய்ச்சொல்லுக்கு என்ன மதிப்பு?

தம்பியின் மனைவி அந்தப் படத்தை வைத்தே திட்டம் போட்டுவிட்டார். தாய்வீட்டுச் சாமான்கள் ஒரு சுவரை ஒட்டி, பெட்டகம் எதிர்ச்சுவரில், நடுவில் குழந்தைகள் வந்தால் படுக்க இடம். ஒரு பீரோவுக்கு முன்பணமும் கொடுத்தாயிற்று.

படைப்புக்கு இரண்டு நாள் முன்

ஆண்டுப் படைப்புக்காக (முன்னோருக்குப் படையலிடும் வழிபாடு) தம்பி குடும்பத்தோடு வந்தார். பெட்டிகளைப் பட்டாலையில் இறக்கிய கையோடு இரண்டாங்கட்டுக்குப் போய்க் கதவைத் திறந்திருக்கிறார். கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு கைபேசியை எடுத்துப் படத்தை அறைக்கு நேராகப் பிடித்துக்கொண்டு, "இது அந்த அறை இல்லை" என்றார்.

அதே அறைதான். ஜன்னல் அதே ஜன்னல், கல்லில் உள்ள பூ அதே பூ.

அடுத்து மேற்கறையைப் பார்த்தார்கள். அது பெரியது என்பது கட்டில் கிடந்தும் பளிச்சென்று தெரிந்தது. அங்கிருந்துதான் பேச்சு தடித்தது. படக்காரனுக்குக் கூலி கொடுத்தது அண்ணன். தனக்கு வரப்போகும் அறையைச் சிறிதாகவும் தள்ளிவிட வேண்டிய அறையைப் பெரிதாகவும் எடுக்கச் சொன்னது யார் என்று தம்பியின் மனைவி கேட்டார். சீட்டு யாருக்கு விழும் என்று முன்கூட்டியே தெரியாதே என்ற நியாயம் அப்போது யாருக்கும் தோன்றவில்லை. அண்ணன் கோபத்தில், "இரண்டையும் நீயே எடுத்துக்கொள்" என்று சொல்லிவிட்டு வெளியேறினார். இரவு ஒன்பது மணிக்கு எனக்கு அழைப்பு வந்தது.

முதல் முடிவு: பேசுவதற்கு முன் அளப்பது

"வைடு லென்ஸ் என்றால் அப்படித்தான் தெரியும்" என்ற பதில் நாக்கு நுனி வரை வந்தது. அதை விழுங்கிக்கொண்டேன். அது பாதி உண்மை. கேட்பவர் காதில், 'ஆம், பெரிதாகக் காட்டினேன்' என்ற ஒப்புதலாக மட்டுமே விழும். காலையில் டேப், லேப்டாப், அன்று எடுத்த அசல் கோப்புகள் மூன்றோடும் வருகிறேன், எல்லோரும் இருக்கட்டும் என்று மட்டும் சொன்னேன்.

காலையில் அளந்தோம். டேப்பின் ஒரு முனையைத் தம்பியும் மறுமுனையை அண்ணன் மகனும் பிடித்தார்கள், நான் தொடவில்லை. கிழக்கறை 8 அடிக்கு 12 அடி, 96 சதுர அடி. மேற்கறை 10 அடிக்கு 14 அடி, 140 சதுர அடி. ஆச்சி உள்ளே போய்க் கோரைப்பாய்களைச் சுருட்டாகக் கொண்டுவந்து கிழக்கறையில் விரிக்கச் சொன்னார். ஆறடிக்கு மூன்றடிப் பாய். நான்கு விரிந்தது; ஐந்தாவதற்கு இடமில்லை. மேற்கறையில் கட்டிலை வெளியே பத்திக்கு (தாழ்வாரத்துக்கு) இழுத்துப்போட்டு விரித்தபோது ஆறு. ஆச்சி ஒன்றும் சொல்லவில்லை, பாய்களைச் சுருட்ட ஆரம்பித்தார்.

உண்மை அளவு தெரிந்தாயிற்று. ஆனால் சந்தேகம் போகவில்லை. அளவு இதுவென்றால் படம் அப்படி வந்தது எப்படி என்ற கேள்வி முன்னைவிடப் பெரிதாக நின்றது. மறுநாள் படைப்பு முடிந்ததும் விளக்கம் சொல்கிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டுக் கடைக்கு வந்தேன். அன்று இரவு முழுவதும் அந்த இரண்டு படங்களோடுதான் உட்கார்ந்திருந்தேன்.

படங்களுக்குள் நடந்தது என்ன

முதலில் ஒரு பொதுவான தவறான எண்ணத்தை ஒதுக்க வேண்டும். லென்ஸ் இடத்தை இழுத்து நீட்டுவதில்லை. கிட்ட இருப்பது எவ்வளவு பெரிதாக, எட்ட இருப்பது எவ்வளவு சிறிதாகத் தெரியும் என்பதைத் தீர்மானிப்பது கேமரா நிற்கும் இடம். வாசற்படியில் நின்று 14 எம்.எம்.மில் எடுத்த படத்தின் நடுப்பகுதியை வெட்டினால், அதே இடத்தில் 35 எம்.எம்.மில் எடுத்த படம் கிடைக்கும். லென்ஸ் செய்வது எவ்வளவு காட்சியை உள்ளே அடக்குவது என்ற ஒரு வேலையைத்தான்.

அப்படியானால் அறை நீண்டது எங்கே? பார்ப்பவர் கண் நிற்கும் இடத்தில். ஒவ்வொரு படத்துக்கும் ஒரு சரியான பார்வைத் தூரம் உண்டு. குவியத் தூரத்தை (லென்ஸின் எம்.எம். எண்ணை), படம் எத்தனை மடங்கு பெரிதாகியிருக்கிறதோ அத்தனையால் பெருக்கினால் அது கிடைக்கும். ஃபுல் ஃபிரேம் கேமராவின் சென்சார் 36 மில்லிமீட்டர் அகலம். செங்குத்தாகப் பிடித்த கைபேசியில் படத்தின் அகலம் ஏறத்தாழ 7 சென்டிமீட்டர். இரண்டு மடங்குக்குச் சற்றுக் குறைவு. ஆகவே என் கிழக்கறைப் படத்தைத் தம்பி பார்த்திருக்க வேண்டிய தூரம் 2.7 சென்டிமீட்டர். மூக்குக்கண்ணாடி இருக்கும் இடம்! அவர் பார்த்தது எல்லோரையும் போல ஒரு முப்பது சென்டிமீட்டரில். சரியான இடத்தைவிடத் தள்ளி நின்று பார்க்கும்போது படத்துக்குள் இருக்கும் ஆழம் நீள்கிறது; கிட்டே போனால் சுருங்குகிறது. கணக்குப்படி பதினோரு மடங்கு நீள வேண்டும். அவ்வளவு நீள்வதில்லை, முன்னால் இருப்பது தட்டையான ஒரு பரப்பு என்பதும் கண்ணுக்குத் தெரியும், அதனால் மனம் கொஞ்சம் சரிக்கட்டிக்கொள்கிறது. ஆனால் முழுவதும் சரிக்கட்டுவதில்லை.

இதைப் பற்றிப் பெர்க்லியில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2012-இல் ஒரு கட்டுரை வெளியிட்டிருக்கிறார்கள். படம் என்ன லென்ஸில் எடுக்கப்பட்டது என்பதைப் பொறுத்து மக்கள் தள்ளியோ கிட்டவோ போய்ப் பார்ப்பதில்லை. படத்தின் அளவைப் பொறுத்தே தூரத்தை வைத்துக்கொள்கிறார்கள் என்பது அவர்கள் கண்டது. குறைந்த குவியத் தூரத்தில் எடுத்த படங்களில் ஆழம் மிகுந்தும், நீண்ட குவியத் தூரத்தில் எடுத்தவற்றில் ஆழம் நசுங்கியும் தெரிவதற்கு இதையே காரணமாகச் சொல்கிறார்கள். ஐம்பது எம்.எம். லென்ஸ்தான் 'இயல்பானது' என்று எங்கள் தொழிலில் குரு சொல்லிச் சீடன் கேட்டு வருகிறோம். அதற்கும் இதுவே விளக்கம். 12 அங்குல அகல பிரிண்டில் 50 எம்.எம். படத்துக்கு உரிய தூரம் 42 சென்டிமீட்டர். கையில் பிடித்துப் பார்க்கும் தூரத்துக்கு அருகில் வந்துவிடுகிறது.

என் இரண்டு படங்களிலும் எதிர்ச்சுவரை அளந்து பார்த்தேன். கிழக்கறையில் அது படத்தின் அகலத்தில் கால் பங்கு. மேற்கறையில் பத்தில் ஏழு பங்கு. ஒரே அளவில் இரண்டையும் அடுத்தடுத்துப் பார்ப்பவருக்கு, ஒன்றில் சுவர் எங்கேயோ இருக்கிறது, மற்றொன்றில் முகத்துக்கு நேரே இருக்கிறது. மனம் சுவரின் தூரத்தைத்தான் படித்தது.

இதோடு முடிந்திருந்தால் எல்லாப் பழியையும் லென்ஸ் தேர்வின் மேல் போட்டுவிட்டுப் படுத்திருப்பேன். தரையைப் பார்த்தபோதுதான் தூக்கம் போயிற்று. காலையில் அளக்கும்போது கவனிக்காத ஒன்று: இரண்டு அறைகளிலும் கல் ஒரே அளவு இல்லை. மேற்கறையில் பழைய 12 அங்குலக் கல். கிழக்கறையில் மாற்றிப் போட்டபோது 8 அங்குலக் கல் வாங்கியிருக்கிறார்கள். ஆத்தங்குடிக் கல்லைச் சூளையில் சுடுவதில்லை. கண்ணாடித் தகட்டின் மேல் அச்சை வைத்துச் சாயச் சிமெண்டை ஊற்றி, மணலும் சிமெண்டும் நிரப்பி, தண்ணீரில் ஊறவைத்து எடுக்கிறார்கள். பல அளவுகளில் கிடைக்கும். பூ ஒரே மாதிரி இருந்தால் படத்தில் அளவு வித்தியாசம் தெரியவே தெரியாது.

தரையில் ஒரே மாதிரி திரும்பத் திரும்ப வரும் ஒன்று, எட்டப் போகப் போக நெருங்கிச் சிறுத்துத் தெரிவதே ஆழத்தை உணர்த்தும் வலுவான அடையாளங்களில் ஒன்று என்று 1950-இல் அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் கிப்சன் விளக்கினார். ஓவியர்களுக்கு அது அதற்கும் முன்பே தெரியும். இத்தாலியின் ஆல்பர்ட்டி 1435-இல் ஓவியத்தில் தூரத்தைக் காட்டும் முறையைச் சொன்னபோது கட்டம் கட்டமான தரையைத்தான் முதலில் வரையச் சொன்னார். தரைக் கட்டம் சரியாக விழுந்துவிட்டால், எந்த இடத்தில் ஆளை நிறுத்தினால் எவ்வளவு உயரம் என்று தானாக வந்துவிடும். அதே தரை அளவுகோல் இங்கே ஆளை ஏமாற்றிவிட்டது. கிழக்கறைப் படத்தில் எண்ணினேன்: எதிர்ச்சுவர் வரை 12 வரிசைக் கல் தெரிகிறது. மேற்கறைப் படத்தில் 5. அகலம் குறைந்த காட்சியில் காலடித் தரை படத்துக்குள் வரவே இல்லை. வந்த தரையிலும் பாதியைக் கட்டில் மறைத்துவிட்டது. ஒரு வீட்டில் ஒரே கல்தான் இருக்கும் என்று நினைப்பது இயல்பு. பன்னிரண்டு எங்கே, ஐந்து எங்கே?

கட்டில் தனி. ஆள் படுக்கும் கட்டில் இவ்வளவு பெரிதாகத் தெரிந்தால் அறை அதற்குத் தக்கச் சிறியது என்று கண் முடிவு கட்டும். அது வழக்கமான கட்டிலைவிடப் பெரியது என்பது சிங்கப்பூரில் இருப்பவருக்கு எப்படித் தெரியும்? காலி அறையிலோ அளவு சொல்ல ஒரு பொருளும் இல்லை. இருந்த ஒரே பொருளான கண்ணாடியையும் கழற்றச் சொன்னவன் நான்.

இரண்டாவது முடிவு: சொல்லாமல் காட்டுவது

இந்தக் கணக்கையெல்லாம் பட்டாலையில் உட்கார்ந்து பேசினால் யாரும் கேட்கப் போவதில்லை. கண் தவறியதைக் கண்ணுக்கே காட்ட வேண்டும் என்று முடிவு செய்தேன்.

கைபேசிப் படத்தை 2.7 சென்டிமீட்டரில் பார்க்க யாராலும் முடியாது. 12 அங்குல பிரிண்ட் என்றாலும் 12 சென்டிமீட்டரில் பார்க்க வேண்டும். இளைஞர் கண்ணுக்கு ஒருவேளை முடியும், வெள்ளெழுத்துக் கண்ணுக்கு முடியாது. முகத்துக்கு 40 சென்டிமீட்டர் தள்ளி வைத்துப் பார்க்கும்படி வேண்டுமென்றால் படம் ஒரு மீட்டருக்குச் சற்றுக் கூடுதலான அகலத்தில் இருக்க வேண்டும். கல்யாண வாழ்த்து அடிக்கும் ஃபிளெக்ஸ் கடையில் கிழக்கறைப் படத்தை அந்த அளவுக்கு அடித்து வாங்கினேன். இதற்கு யார் பெயரும் போட வேண்டாமா என்று கடைக்காரர் இரண்டு முறை கேட்டார்.

படைப்பு முடிந்து இலை எடுத்த பிறகு பட்டாலைச் சுவரில் மாட்டினோம். படத்தின் நடுப்பகுதி கண் உயரத்தில். தம்பியை ஒரு கண்ணை மூடிக்கொண்டு, படத்திலிருந்து ஒரு முழத்துக்குக் கொஞ்சம் குறைவான தூரத்தில், நடுவுக்கு நேராக முகத்தை வைத்து நிற்கச் சொன்னேன். ஒரு கண்ணை மூடுவதற்குக் காரணம் உண்டு. இரண்டு கண்ணும் ஆறேழு சென்டிமீட்டர் இடைவெளியில் இருப்பதால் நிஜ அறையில் இரண்டுக்கும் சற்று வேறுபட்ட காட்சி கிடைக்கிறது. ஆழம் தெரிய அது உதவுகிறது. ஆங்கிலேயர் வீட்ஸ்டன் 1838-இல் ஒரு கருவியால் இதை நிறுவினார். படத்திலோ இரண்டு கண்ணுக்கும் ஒரே காட்சி. 'இது தட்டை, தட்டை' என்று அது சொல்லிக்கொண்டே இருக்கும். ஒரு கண்ணை மூடினால் அந்தப் புகார் அடங்கிவிடும். ஃப்ளாரன்ஸில் புருனெலெஸ்கி 15ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தாம் வரைந்த கோயில் படத்தை ஒரு துளை வழியாக ஒற்றைக் கண்ணால் பார்க்க வைத்தார். துளை, கண்ணை உரிய இடத்திலும் நிறுத்திவிட்டது.

தம்பி அரை நிமிடம் அப்படியே நின்றார். "இப்போது அந்த அறைதான்" என்றார். மெல்லப் பின்னால் நகரச் சொன்னேன். இரண்டடி, மூன்றடி, ஆறடி. "ஓடுகிறது" என்றார். எதிர்ச்சுவர் பின்வாங்குவதை அவர் பார்த்துக்கொண்டே நகர்ந்தார். அண்ணன் மகன், தம்பியின் பிள்ளைகள், பங்காளிகள் என்று வரிசை கட்டிப் பார்த்தார்கள். ஒருவருக்கு மட்டும் ஒன்றும் தெரியவில்லை. அவர் கண்ணை மூடாமலே பார்த்தார் என்று நினைக்கிறேன்.

பிறகு லேப்டாப்பில் கிழக்கறைப் படத்தின் நடுப்பகுதியை இரண்டரை மடங்கு பெரிதாக்கி மேற்கறைப் படத்தின் பக்கத்தில் வைத்தேன். இப்போது இரண்டும் 35 எம்.எம். காட்சி. கூடம் மறைந்தது, சிறு அறை வந்தது. தம்பியின் மனைவி அதைத்தான் நெடுநேரம் பார்த்தார். "முதலிலேயே இப்படி அனுப்பியிருக்கலாமே" என்றார். என்னிடம் பதில் இல்லை.

ஆச்சி ஃபிளெக்ஸைப் பார்க்க வரவில்லை. அதே பட்டாலையில் மேலே வரிசையாக ரவிவர்மா அச்சகப் படங்களும், நடுவில் ஒரு தஞ்சாவூர்ப் படமும் மாட்டியிருக்கின்றன. தஞ்சாவூர்ப் படத்தைக் காட்டி, "அதில் கிருஷ்ணன் தூண் உயரத்துக்கு இருக்கிறான். அதைப் பார்த்து யாராவது தூண் சின்னது என்று சொன்னார்களா?" என்றார். நான் படித்த எதிலும் இவ்வளவு சுருக்கமாக இல்லை. தஞ்சாவூர்ப் படத்தில் உருவத்தின் அளவு அதன் பெருமையைச் சொல்கிறது. அது யாருக்கும் குழப்பமில்லை. புகைப்படம்தான் தன்னை அளவு என்று நம்ப வைக்கிறது.

மூன்றாவது முடிவு: மறுபடி எடுத்தது

பங்காளிகளில் மூத்த ஒருவர் நடுவில் இருந்து, பழைய தேர்வு செல்லாது, புதுப் படமும் அளவும் வைத்து மீண்டும் பேசலாம் என்றார். படத்தோடு எதற்கு இனி உறவு, நேரிலேயே பார்த்தாயிற்றே என்று அண்ணன் கேட்டது நியாயம். மற்ற இரண்டு புள்ளிகள் வெளியூரில் இருந்தார்கள். அவர்களும் பார்த்துச் சம்மதம் சொல்ல வேண்டியிருந்தது.

இம்முறை கட்டில் வெளியே கிடந்தது. இரண்டு அறைகளிலும் ஒரே 28 எம்.எம். லென்ஸ், ஒரே உயரம், எதிர்ச்சுவரிலிருந்து கேமராவுக்குச் சரியாக 12 அடி. எதிர்ச்சுவரை ஒட்டிக் குறுக்காக ஒரே பாய். பாயின் தலைமாட்டில் ஆச்சி நின்றார். கிழக்கறையில் பாயின் இருபுறமும் ஓரடிதான் மிச்சம். மேற்கறையில் இரண்டிரண்டு அடி. வரிசைக் கல்லை எண்ணிப் பார்க்காமலே புரியும். 18-க்கு 12 அங்குல பிரிண்ட் போட்டேன். அதற்கு உரிய தூரம் 36 சென்டிமீட்டர். கையில் பிடித்துப் பார்த்தாலே சரியாக இருக்கும்.

ஆனால் இந்த ஏற்பாட்டில் அறையின் நீளம் ஒளிந்துவிடுகிறது. இரண்டிலும் கேமரா சுவருக்கு ஒரே தூரத்தில் நிற்பதால், மேற்கறையில் கேமராவுக்குப் பின்னால் இருக்கும் இரண்டடி படத்தில் வராது. அகலத்தை நேர்மையாகக் காட்டினால் நீளம் போகிறது, நீளத்தைக் காட்டப் போனால் வேறொன்று போகிறது. அதனால் இரண்டு அறைகளுக்கும் பென்சிலால் தரைப்படம் போட்டு, அடியும் அங்குலமும் குறித்து, பிரிண்டோடு இணைத்தேன். இதை முதல் நாளே செய்திருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலை இல்லை.

பின்னர்

அறையை மாற்றிக்கொள்ளலாம் என்று அண்ணன் சொன்னார். தம்பியின் மனைவி மறுத்துவிட்டார். கேட்டு வாங்கியதாக இருக்கக் கூடாது என்றார். இரண்டு நாள் பேச்சுக்குப் பிறகு கிழக்கறை தம்பிக்கே என்றும், அதை ஒட்டி மூலையில் இருக்கும் 6-க்கு 6 அடிச் சாமான் அறையும் அவரோடு சேரும் என்றும் முடிவாயிற்று. கூட்டிப் பார்த்தால் 132 சதுர அடி. மேற்கறையைவிட எட்டுக் குறைவு. அந்த எட்டை யாரும் கேட்கவில்லை. பீரோவுக்குக் கொடுத்த முன்பணம் திரும்பவில்லை, ஏனென்றால் அதே பீரோவைச் சிறிய அளவில் செய்யச் சொல்லிவிட்டார்கள். அண்ணனும் தம்பியும் இப்போது பேசிக்கொள்கிறார்கள். அண்ணன் என் கடைக்கு வருவதில்லை. அவர் மகள் கல்யாணத்துக்கு வேறு ஸ்டூடியோவை வைத்தார். இரண்டாம் முறை எடுத்ததற்கும் ஃபிளெக்ஸுக்கும் நான் பணம் வாங்கவில்லை.

மாற்றிக்கொண்டவை

விலை பேசவும் பங்கு பேசவும் படம் எடுக்கிறேன் என்று தெரிந்தால் 28 எம்.எம்.முக்குக் கீழே போவதில்லை. ஒரே வீட்டின் அறைகளை ஒப்பிட என்றால் எல்லாவற்றுக்கும் ஒரே லென்ஸ். ஓர் அறைக்குப் பொருந்தாவிட்டால் எல்லா அறைக்கும் மாற்றுவேன். கல்லின் அளவை டேப்பால் அளந்து படத்தின் அடியில் எழுதுகிறேன். வண்டியில் எப்போதும் ஒரு கோரைப்பாய் இருக்கிறது. வாடிக்கையாளர்கள் முதலில் விநோதமாகப் பார்க்கிறார்கள்.

விடுதிகளுக்கு இன்னும் 14 எம்.எம்.மில்தான் எடுக்கிறேன். கேட்பவர்கள் அதைத்தான் கேட்கிறார்கள், மறுத்தால் அடுத்த கடை எடுத்துத் தரும். ஒவ்வோர் அறையிலும் ஓர் ஆளையாவது நிறுத்தி இன்னொரு படம் சேர்த்துக் கொடுக்கிறேன். அதை அவர்கள் போடுகிறார்களா என்று நான் பார்ப்பதில்லை.

புதிய படங்களை, அளவு குறிக்காமல், கடைக்கு வந்த நான்கு பேரிடம் காட்டிப் பார்த்தேன். மூவர் மேற்கறையைப் பெரியது என்றார்கள். நான்காமவர் கிழக்கறை என்றார். ஏன் என்று கேட்டேன். "கல் நிறைய இருக்கிறதே" என்றார்.

அந்த ஃபிளெக்ஸை ஆச்சி கேட்டு வாங்கிக்கொண்டார். பின்கட்டில் அடுக்கிய விறகின் மேல் மழைக்குப் போர்த்தியிருக்கிறார். போன மாதம் போயிருந்தபோது பார்த்தேன். வளவிலிருந்து பார்க்க, விறகுக்கு மேல் ஒரு நீண்ட கூடம் தெரிந்தது.